ஓமத்திரவப் புட்டி

உங்கள் வீட்டு அலமாரியில் ஓமத்திரவப் புட்டி இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதைத் திறந்து மோந்து பாருங்கள். ஓம வாசனைதான் வருகிறதா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். பிறகு வந்து மீதியைப் படிக்கலாம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள், பெயர் செலின். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள்.

இயல்பிலேயே நான் சந்தேகப்படுகிறவள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை ருசி பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டேன். மருந்துக்கடையிலிருந்து வருகிற சிரப்பையும் அப்படித்தான். பாத்திரத்தில் வாய் வைத்தால் எச்சிலாகிவிடும் என்பதால், எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போல உள்ளங்கையைக் குழித்து, நாலு சொட்டு விட்டு, நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பிள்ளைக்குக் கொடுப்பேன். செலின் டம்ளருக்காகக் கையை நீட்டியபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் முகம் சுளிக்கவில்லை என்றால்தான் வாங்குவாள்.

என் கணவர் முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். மதுவிலக்கு இருக்கிற ஊரில் குடிக்கிறவர். பெரும்பாலும் இஞ்சி டிங்சர், அதாவது வயிற்று வலிக்கு மருந்துக்கடையில் விற்கிற சாராய மருந்து. அது கிடைக்காத சமயத்தில் துறைமுகத்து ஆட்கள் சிலர் நாற்காலி மேசைக்குப் பூசுகிற வார்னிஷையே தெளியவைத்துக் குடிப்பார்கள். "அந்தக் கருமத்த நான் தொடமாட்டேன்" என்று கணவர் சொல்வார். நான் நம்பியதில்லை. டிரங்குப் பெட்டி, அரிசிப் பானை, ஓட்டு இடுக்கு என்று எல்லா இடத்திலும் தேடுவேன். என் மருந்து அலமாரியில் நானே வாங்கி வைத்த ஓமத்திரவப் புட்டிகளை மட்டும் தேடவில்லை. அங்கேதான் அவர் வைத்திருந்தார். மூன்று புட்டிகளில் பின்னால் இருந்தது அவருடையது.

அவருடைய சிநேகிதர் சூசை வார்னிஷ் குடித்துக் கண்ணை இழந்தவர். மனைவியின் தோளில் கை வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருவார். ஒருநாள் செலின் கேட்டாள்.

"சூசை மாமாவுக்கு ஏம்மா கண்ணு போச்சி?"

"கெட்டதக் குடிச்சாரு, போச்சி."

"அப்ப நல்லது ஒண்ணு இருக்கா?"

"நேரமாவுது, நட" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் காலைப் பூசையில் செலின் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். விடியற்காலையிலிருந்தே தலைவலி என்றாள்; மறுநாள் பரீட்சைக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தேன். நடுப்பூசையில் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பஞ்சு பறக்குது."

"எங்க?"

"எல்லா எடத்துலயும். சாமியார் மேல கூட. இலவம் பஞ்சு மாதிரி. மெழுகுத்திரி தெரியல."

வெளியே கூட்டி வருவதற்குள் வாந்தி எடுத்தாள். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. கோயில் வாசலில் மாங்காய் விற்கிறவளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். "என்னா குடுத்த எம் புள்ளைக்கி?" என்று கத்தினேன். "ஐயோ டீச்சரம்மா, பாப்பா எங்கிட்ட வாங்கியே மாசமாவுது" என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கணவர் ஒரு ரிக்ஷாவை நிறுத்தினார். ரிக்ஷாவில் உட்கார்ந்தபோதுதான் அவர் கை நடுங்குவதைக் கவனித்தேன். பயத்தால் நடுங்குகிறதா, குற்றத்தால் நடுங்குகிறதா என்று யோசித்தேன். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று தோன்றவில்லை.

நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று முதலில் செலினின் கழுத்தை மடக்கிப் பார்த்தார். கழுத்து நன்றாக மடங்கியது. கண்ணில் டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்க வேண்டும். அது சோம்பேறித்தனமாக, பாதிதான் சுருங்கியது. பிறகு குனிந்து அவள் மூச்சை மோந்தார். நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல வார்னிஷ், பாலிஷ், ஸ்பிரிட் இந்த மாதிரி ஏதாச்சும் இருக்கா? யாராவது குடிப்பாங்களா?"

"இவரக் கேளுங்க டாக்டர்" என்றேன்.

கணவர் சுவரைப் பார்த்தார். குடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் போலீஸ், ஜெயில், வேலை போகும். அந்தக் காரணத்துக்காகவே மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"குடிப்பேன் சார். ஆனா பெத்த புள்ளைக்கி நான் குடுப்பனா?"

"போலீசுக்கு நான் ஆள் அனுப்பப் போறதில்ல" என்றார் டாக்டர். "பொண்ணு என்ன குடிச்சான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

அது தனக்கும் தெரியாது என்றார் கணவர். டாக்டர் உள்ளே போனதும் தாழ்வாரத்தில் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் புட்டிய மாத்திட்ட. நேத்து சாயங்காலம் எடுத்துப் பாத்தா நெசமாவே ஓமத்தண்ணி. அதுல இருந்தத எங்க ஊத்துன? புள்ள குடிக்கிற எதுலயாவது ஊத்துனியா?"

"எந்தப் புட்டிய?"

"நடிக்காத."

"ஓமத்திரவத்துல வச்சிருந்தீங்களா? எம் புள்ளைக்கி வயித்து வலின்னா அதத்தான எடுத்துக் குடுப்பேன்! என்னா இருந்துச்சி அதுல?"

அவர் மெதுவாக, "இந்த வாரம் இஞ்சி கெடைக்கல" என்றார்.

அவ்வளவு போதுமாக இருந்தது எனக்கு. போதையில் புட்டியைக் கீழே வைத்திருப்பார், பிள்ளை தாகத்துக்கு எடுத்துக் குடித்திருப்பாள், மறைப்பதற்காக இவரே ஓமத்திரவத்தை ஊற்றி வைத்துவிட்டு என் மேல் பழி போடுகிறார். என் மனதில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

டாக்டரிடம் ஓடி வார்னிஷ் என்று சொன்னேன். தலையசைத்தார். வார்னிஷில் இருக்கும் மர ஸ்பிரிட் உடம்புக்குள் போய் ஒரு புளிப்பாக மாறுகிறது. அந்தப் புளிப்புதான் கண் நரம்பைச் சுடுகிறது. இரத்தத்தில் ஏறிய புளிப்பை வெளியே தள்ளத்தான் பிள்ளை அப்படி மூச்சு வாங்குகிறாள் என்று விளக்கினார். வாந்திக்கு ஊசி போட்டு, புளிப்பை முறிக்கச் சோடா உப்புக் கரைசலை நரம்பு வழியாக ஏற்ற ஆரம்பித்தார்கள். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு அவரையும் சந்தேகப்பட்டேன்.

"இப்ப இவளுக்குப் பிராந்தி குடுக்கணும்."

"பிராந்தியா? ஒம்பது வயசுப் புள்ளைக்கா?"

"டீச்சரம்மா, ரேஷன் கடைல ஒரு கவுண்டர்தான் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஈரல் அந்த மாதிரி. பிராந்தியும் விஷமும் ஒண்ணா வந்து நின்னா, பிராந்திய முதல்ல அனுப்பும். விஷம் வரிசைல நின்னு நின்னு, புளிப்பா மாறாமலே மூத்திரத்துல போயிடும். ஆஸ்பத்திரில இருக்கறது காயம் தொடைக்கிற ஸ்பிரிட். அதுலயும் இதே விஷம்தான் கலந்திருக்கு. மருந்துக்குன்னு சர்க்கார் குடுக்கிற பெர்மிட் பிராந்தி தீந்து போச்சு. சீட்டு எழுதித் தர்றேன். ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கெழம, பெர்மிட் கடை பூட்டியிருக்கும்."

"பாண்டி எல்லையில தெறந்திருக்கும் சார்" என்றார் என் கணவர். "கன்னியக்கோயில்ல. நான் போயிக் கொண்டாரேன்."

வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை. வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கணவர் கிளம்பினார். என் மகளின் கண், குடிகாரன் ஒருவன் சாராயக் கடைக்குப் போய்க் குடிக்காமல் திரும்பி வருவதில் இருந்தது.

காத்திருந்த நேரத்தைப் பற்றி அதிகம் எழுத முடியாது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரி தன் மருமகளிடம் என் காதில் விழும்படியே பேசினாள்.

"புள்ளைக்கி வெசம் குடுத்துட்டாங்களாம்."

"யாரு, அந்தம்மாவா?"

"பாத்தா டீச்சர் மாதிரி இருக்கு." பிறகு என்னிடமே திரும்பி, "ஏம்மா, இது உன் சொந்தப் புள்ளதானா? இல்ல மூத்தாள் புள்ளையா?" என்று கேட்டாள்.

நான் அழுதேன். அவள் எழுந்து வந்து, தன் பிள்ளைக்கு வைத்திருந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் கஞ்சியையும் உள்ளங்கையில் விட்டுப் பார்த்துத்தான் குடித்தேன்.

செலின் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். "இப்ப பஞ்சு ஜாஸ்தியாயிடுச்சிம்மா" என்றாள். "அப்பா எங்க?" என்றாள். "அப்பாவுக்குக் கண்ணு தெரியுதா?" என்று கேட்டாள். மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

கணவர் வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. துண்டில் சுற்றிய புட்டியை நீட்டினார். நான் முதலில் மூடியைப் பார்த்தேன்.

"சீல் ஒடஞ்சிருக்கு."

"செக்போஸ்ட்ல ஒடச்சாங்க. டாக்டர் சீட்டக் காட்டுனேன், விட்டாங்க. ஒருத்தர் ரெண்டு மூடி ஊத்திக்கிட்டாரு. டெஸ்ட் பண்ணணுமாம்."

"ஊதுங்க."

மதுவிலக்குப் போலீசார் தெருவில் சந்தேகப்பட்டவனை நிறுத்தி முகத்தில் ஊதச் சொல்வார்கள். சிஸ்டரும் பக்கத்துக் கட்டில்காரியும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படித்தான் நிறுத்தினேன் என் கணவரை. அவர் குனிந்து என் முகத்தில் ஊதினார். பட்டினி வயிற்றின் வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. கை ரிக்ஷாவில் நடுங்கியதைவிட மோசமாக நடுங்கியது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவருக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை, உடம்பு கேட்கிறது, அதனால் நடுங்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அப்படியானால் புட்டியில் ஓமத்திரவம் இருந்தது என்று சொன்னதும் உண்மையா? அப்படியானால் மாற்றியது யார்?

டாக்டர் பிராந்தியை அளந்து, தண்ணீரும் சர்க்கரையும் கலந்து டம்ளரில் கொண்டுவந்தார். என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். உள்ளங்கையைக் குழித்து, கொஞ்சம் விடச் சொல்லி, நாக்கால் தொட்டேன். சுட்டது. பிராந்தி எப்படி இருக்கும் என்று தெரியாதவள் ருசி பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? டாக்டர் பொறுமையாக நின்றார்.

செலினை நிமிர்த்தி உட்காரவைத்து, டம்ளரை உதட்டில் வைத்தோம். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் உருட்டிப் பார்த்து விழுங்கினாள். பிறகு என் முகம் இருந்த திசையைப் பார்த்து, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"பயப்படாதம்மா. இது நல்லது."

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "நல்லதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நல்லது நாக்கு சுடும். கெட்டது கொஞ்சமா இனிக்கிது. நாற்காலி வாசன."

"எப்பப் பாத்த?"

"நேத்து. அப்பா வாங்கியாந்து வச்சாங்கல்ல, அப்ப. கையில ஊத்திப் பாத்தேன். தெரியல. இன்னொரு வாட்டி கை நெறைய ஊத்திக் குடிச்சிப் பாத்தேன். அப்பறம் நெசமாவே கெட்டதுதான்னு, சூசை மாமா மாதிரி ஆயிடுவாங்கன்னு, சாக்கடையில ஊத்திட்டு ஓமத்தண்ணிய ஊத்தி வச்சிட்டேன்."

"எதுக்கும்மா நீ பாத்த?" என்றேன்.

"நீ எனக்குப் பாக்கறல்ல? அப்பாவுக்கு யாரு பாப்பாங்க?"

அரைப் பரீட்சையிலிருந்து பார்த்து வந்திருக்கிறாள். அவர் புட்டியை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போகிற நேரத்தில். இஞ்சி என்றால் அப்படியே வைத்துவிடுவாள். சாயங்காலத்தில் புத்தகத்தின் மேல் அவள் தூங்கி விழுந்ததும், கணக்கில் மார்க்கு குறைந்ததும், "தலை கனக்குது" என்றதும் எதனால் என்று எனக்கு இப்போது தெரியும். வகுப்பு ஆசிரியை கவனமில்லை என்றாள். நான் சோம்பேறித்தனம் என்றேன். வீட்டில் யார் குடித்தாலும் குடிக்கிறவரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பக்கத்தில் ஒரு பிள்ளை காவல் நிற்பது தெரிவதில்லை.

கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை நான் எழுதப் போவதில்லை. அப்போதும் எனக்கு முழுதாக இரக்கம் வரவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மூச்சு அன்று மாலையே தணிந்தது. அடுத்த சில நாட்களில் பஞ்சு குறைந்து புகையானது. உயிருக்குப் பயமில்லை, கண்ணைப் பற்றி என்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் சிதம்பரத்திலிருக்கும் ஒரு கண் வைத்தியருக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே என் அண்ணன் ஆரோக்கியசாமி சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் கட்டினார். எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை.

கண் வைத்தியர் வெளிச்சக் கருவியால் செலினின் கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தார். கண்ணின் பின்புறம் நரம்பு தொடங்குகிற இடம் ஒரு வட்டத் தட்டுப் போலத் தெரியுமாம். அது வீங்கியிருந்தது, வீக்கம் வடிந்த பிறகுதான் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியும் என்றார். ஊசி எழுதிக் கொடுத்தார். வெளிச்சம் படாமல் இருட்டறையில் இருக்கச் சொன்னார். அண்ணன் ஜன்னலுக்கு நீலக் காகிதம் ஒட்டினார். கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுவந்து கட்டில் சட்டத்தில் மாட்டினார். "ராணிக்கு என்னா வேணும்னாலும் மணி அடிக்கணும். மாமா பிரேக் போடாம வருவேன்" என்றார். செலின் நோய் வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அண்ணி பகலெல்லாம் மணிக்கு ஓடி ஓடியே இளைத்துப்போனதாகச் சொல்லிக்கொண்டாள். அப்படி ஒன்றும் இளைக்கவில்லை.

கண் வைத்தியர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. அதனால் நானே தினமும் சோதித்தேன். சுவரில் மாட்டிய தேதிக் காலண்டரைக் காட்டி, எண்ணைப் படிக்கச் சொல்வேன். சரியாகச் சொன்னாள். மறுநாளும் சரியாகச் சொன்னாள். சந்தோஷப்பட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் தாளைக் கிழிக்காமல் விட்டுவிட்டுக் கேட்டேன். அன்றைய தேதியைச் சொன்னாள். காலண்டரில் இருந்ததோ நேற்றைய தேதி.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானடி."

"சொன்னா உன் மூச்சு மாறுது" என்றாள்.

வீக்கம் வடிந்தது. வலது கண்ணில் பார்வை திரும்பிவிட்டது. இடது கண்ணில், நேராகப் பார்க்கிற இடத்தில், ஒரு புகைத்திட்டு நிற்கிறது. அது போகாது என்று வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஊசியில் நூல் கோர்க்கும்போது தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். மற்றபடி படிக்கிறாள், ஓடுகிறாள்.

அண்ணன் என் கணவரை நேராக உட்காரவைத்துப் பேசினார். "மச்சான், நான் உங்களத் திட்டப் போறதில்ல. புள்ள இங்கதான் படிக்கும். தங்கச்சியும் இருக்கட்டும். நீங்க சுத்தமா நிறுத்துங்க. அப்பறம் வந்து கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் ஞாயித்துக்கெழம வாங்க, பாத்துட்டுப் போங்க."

அவர் தலையாட்டினார். எதிர்த்தது செலின்தான்.

"அங்க அப்பா தனியா இருப்பாங்க. யாரு பாக்கறது?"

"அது ஒன் வேல இல்ல" என்றேன்.

"அப்ப யார் வேல?"

நான் லீவில் இருக்கிறேன். அவள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். கணவர் ஞாயிறுதோறும் பாசஞ்சர் ரயிலில் வருகிறார். நிறுத்திவிட்டேன் என்கிறார். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது, கை நடுக்கம் நின்றிருக்கிறது. நடுக்கம் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். குடிப்பதை விட்டிருக்கலாம். குடிப்பது தடையில்லாமல் கிடைத்துக்கொண்டும் இருக்கலாம்.

முதல் ஞாயிறு வந்தபோது செலின் வாசலுக்கு ஓடி, "குனிப்பா" என்றாள். அவர் ஏதோ முத்தம் என்று குனிந்தார். "ஊது" என்றாள். அண்ணன் உள்ளே போய்விட்டார். நான் நடுவில் போய் நின்றேன்.

"அவ மேல ஊதாதீங்க. எம்மேல ஊதுங்க. இனிமே இது என் வேல."

அன்றிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து என் முகத்தில் ஊதுகிறார். நான் மோந்து பார்க்கிறேன். எத்தனை நாளைக்கு இப்படி என்று அவர் கேட்டதில்லை.

போன ஞாயிறும் வந்தார். ஊதினார். ஏலக்காய் வாசனை வந்தது. வெறும் ஏலக்காய்தானா, எதற்கோ மேலே போட்ட ஏலக்காயா என்று எனக்குத் தெரியவில்லை. "ரயில்ல டீ குடிச்சேன்" என்றார். நான் இன்னொரு முறை ஊதச் சொல்லவில்லை. முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். கதவோரத்தில் செலின் நின்றிருந்தாள். தலையைச் சாய்த்து, நல்ல கண்ணை என் பக்கம் திருப்பி, அவரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.